றந்த தினம்

அந்தப் பத்திரிகை ஆபீசில் அவருக்குப் பெயர் காலண்டர். முகத்துக்கு நேரே காலண்டர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் காலண்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. நாளிதழின் ஆறாம் பக்கத்தில், வானிலைக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவே, ‘இந்நாள்’ என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி வரும். எந்தப் போர் எந்தத் தேதியில் முடிந்தது, எந்தப் பாலத்தில் முதல் ரயில் ஓடியது, யார் பிறந்தார், யார் போய்ச் சேர்ந்தார் என்று உலகத்து விவகாரங்களையெல்லாம் தேதிவாரியாகப் பிடித்து அதற்குள் அடைப்பது அவர் வேலை. அதை யாராவது படித்தார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். குறுக்கெழுத்துக்குப் போகிற வழியில் கண்ணை ஓட்டியிருக்கலாம்.

பிழை திருத்துபவராகச் சேர்ந்தவர் அவர். ‘இந்நாள்’ எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றபோது, வேறு யாரும் தொடத் தயாராக இல்லாததால், இவர் தலையில் கட்டினார்கள். கட்டியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். இவர் அதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டார்.

இந்த வேலையில் ஒரு கோளாறு உண்டு. இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவது நாளைய தாளுக்கு. அதனால் அவருக்கு ‘இன்று’ என்றால் நாளை. வங்கியில் தேதியை ஒன்று கூட்டிப் போட்டுத் திட்டு வாங்குவார். மனைவிக்கு முந்தின நாளே பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பிறந்த நாளன்று வாயே திறக்காமல் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். “செத்தவங்க பொறந்த நாளெல்லாம் உங்களுக்குச் சரியா ஞாபகம் இருக்கு. உயிரோட இருக்கறவதான் ஞாபகம் இல்ல” என்று அந்த அம்மாள் ஒருநாள் சொன்னாள். பிறகு தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு மனிதர் வீட்டில் இருந்ததே இல்லை. அதற்கப்புறம் மாடியில் ஒற்றை அறை, ஒரு அடுப்பு, இரண்டு தட்டு. இரண்டாவது தட்டு எதற்கு என்று கேட்டால் முதல் தட்டை மூடி வைக்க என்பார்.

தனியாக இருப்பது பழகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டார். அதெல்லாம் சும்மா கதை. ஒரு நாளும் பழகவில்லை. காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்ப ‘இந்நாள்’ இருந்தது, அவ்வளவுதான். அதையும் எடுத்துவிட்டால் அந்த மனிதரிடம் எடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. நிர்வாகம் அந்த இடத்தின்மேல் கண் வைத்திருக்கிறது, விளம்பரத்துக்குக் கேட்கிறது என்று கொஞ்ச காலமாகவே பேச்சு அடிபட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவருக்கு அந்த நினைப்பு வந்து பசியைக் கெடுத்தது.

பகுதியைக் காப்பாற்றத்தான் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று நினைத்தார். வெளிநாட்டு மன்னர்களும் விஞ்ஞானிகளுமே பிறந்து இறந்துகொண்டிருந்தால் யார் படிப்பார்கள்? நம் ஊர் ஆள் ஒருவரைப் படத்தோடு போடுவோம் என்று பழைய படங்கள் இருக்கும் அறைக்குப் போனார். தூசியில் தும்மித் தும்மி ஒரு படத்தைக் கண்டுபிடித்தார். தீவிலிருந்து கரைவரை கடலை நீந்திக் கடந்த முதல் பெண். தலையோடு ஒட்டின தொப்பியும் உப்பு பூத்த முகமுமாகக் கடலை விட்டு எழுந்து வருகிறாள். யாரோ ஒருவர் துண்டை நீட்டுகிறார். கூட இருந்த பழைய பேட்டியில் பிறந்த தேதி இருந்தது. அதிர்ஷ்டம், மறுநாளே அந்தத் தேதி. படத்துக்குக் கீழே, ‘கடலைக் கடந்த நீச்சல் வீராங்கனை பிறந்த தினம்’ என்று எழுதி அனுப்பினார்.

இனிமேல் நடந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சில நேரம் ஓர் எழுத்து விழுந்துவிடும். அன்றைக்கு விழுந்தது ‘பி’. பிழை பார்க்க அவரிடம் வந்த தாளில் ‘றந்த தினம்’ என்று மொட்டையாக நின்றது. தமிழில் எந்தச் சொல்லும் ‘ற’வில் தொடங்காது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். காலண்டரும் கண்டுபிடித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். படத்தைப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம். இத்தனை வருஷத்தில் கறுப்பு வெள்ளையில் வந்தவர்கள் எல்லாருமே செத்தவர்கள். கை தானாக ஓரத்தில் ‘இ’ என்று எழுதிவிட்டது.

தான் கொன்றது தெரியாமல் அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் ஆபீசுக்குப் போனதும் செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். இவரை விட வயதில் சின்னப் பெண். ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே, காலண்டர் நின்றுகொண்டே இருந்தார்.

“சார், அந்த நீச்சல்காரம்மா உயிரோட இருக்காங்க” என்றார் ஆசிரியர்.

“யாரு மேடம் சொன்னது?”

“அவங்க தெருவுல மருந்துக்கடை வெச்சிருக்கறவரு. நேத்துதான் என் கடையில பிரஷர் மாத்திர வாங்கினாங்க, செத்தவங்களுக்கு எதுக்குங்க பிரஷர் மாத்திரன்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்ல?”

பிழை திருத்திய தாளை எடுத்துப் பார்த்தார்கள். ஓரத்தில் அவர் கையெழுத்தில் அந்த ‘இ’, நல்ல தெளிவாக, வட்டமாக, அழகாக வேறு இருந்தது.

ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “சார், ஏற்கெனவே மேல இருக்கறவங்க இந்த எடத்தக் கேட்டுட்டிருக்காங்க, உங்களுக்கே தெரியும். இப்ப நேரா அவங்க வீட்டுக்குப் போங்க. மன்னிப்புக் கேளுங்க. கேஸ் கீஸ் ஒண்ணும் போட மாட்டேன்னு சொல்லட்டும். நாளைக்கே திருத்தம் வந்துடணும். சுத்தமா முடிச்சுக் குடுத்தீங்கன்னா நான் உங்களுக்காகப் பேசறேன். நாள் தள்ளிச்சுன்னா என்னால முடியாது.”

“நாளைக்கே போட்டுடலாம் மேடம்” என்றார் காலண்டர். திருத்தத்தை அங்கேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வழியெல்லாம் அவர் மனதுக்குள் திட்டு வாங்கிக்கொண்டே போனார். அந்த அம்மாள் காறித் துப்புவாள், பிள்ளைகள் சட்டையைப் பிடிப்பார்கள், வாசலில் துக்கம் விசாரிக்க வந்த கூட்டமே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துக்கடையைத் தலை குனிந்தபடி தாண்டி, சொன்ன அடையாளத்தில் நீல நிற கேட்டைக் கண்டுபிடித்தபோது, அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. மணியை அடித்தார். ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. வயதானவர்கள் அப்படி ஓடி வருவதில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்குத் தோள் இன்னும் அகலமாக இருந்தது. தலை முழுக்க நரை. இஸ்திரி போட்ட புடவை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள். யாரையோ எதிர்பார்த்து நிற்கிற கோலம். காலண்டரைப் பார்த்ததும் முகம் லேசாக விழுந்தது. அவர் தான் யார் என்று சொன்னார்.

“ஓ, பொறந்த நாளும் அதுவுமா என்னைச் சாகடிச்சவரு நீங்கதானா? உள்ள வாங்க. செத்தவ கையால டீ குடிப்பீங்கல்ல?”

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஒரே அறை, பின்னால் சமையலறை. அலமாரியில் நீச்சலில் வாங்கிய கோப்பைகள் வரிசையாக நின்றன. ஒன்றில் துணி மாட்டும் கிளிப்புகள், ஒன்றில் பழைய பேனாக்கள், ஒன்றில் வெங்காயம். மேசை நடுவில், ஒரு மடித்த துண்டின்மேல், கைபேசி. காய்ச்சல் வந்த குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி அதை வைத்திருந்தாள். பக்கத்தில் அன்றைய தாள், ஆறாம் பக்கம் திறந்தபடி.

டீ வந்தது. அவர் எழுந்து நின்று எழுத்து விழுந்த கதையை முழுக்கச் சொன்னார். மறைக்கவில்லை. கறுப்பு வெள்ளை விஷயத்தைக்கூடச் சொன்னார். அந்த அம்மாள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டாள். கடல் தண்ணீர் போய்ப் போய் ஒரு காது மந்தமாம். கேட்டுவிட்டு, “அந்தப் படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

சட்டைப் பையிலிருந்த திருத்தத்தை நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். தன் பெயரைப் படித்தாள். ‘இறந்த தினம் என்று தவறுதலாக வெளியாகிவிட்டது. அவர் உயிருடன் இருக்கிறார். வருந்துகிறோம்.’

நிமிர்ந்து பார்த்தாள். “நான் உயிரோட இருக்கறதுக்கு நீங்க ஏன் சார் வருத்தப்படறீங்க?”

காலண்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து டீ புரையேறியது. அந்த அம்மாளும் சிரித்தாள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார்கள். எதிரே ஆள் உட்கார்ந்திருக்கச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று காலண்டர் நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

“ஆபீசுக்கு யாராவது ஃபோன் பண்ணாங்களா?” என்று அவள் கேட்டாள்.

“பண்ணாங்க. உங்க மருந்துக்கடைக்காரரு.”

“வேற?”

“வேற யாரும் இல்லங்க.”

அவள் தலையாட்டினாள். “எனக்கு அவருகூடப் பண்ணல. இதே தெருவுல இருக்கறாரு, எதுக்குப் பண்ணணும். சார், ஒரு உதவி. இந்த நம்பருக்கு ஒரு தடவ அடிங்க. மணி சரியா அடிக்குதான்னு பாக்கணும்.”

அவர் அடித்தார். துண்டின்மேல் கிடந்த கைபேசி அறையே அதிர அலறியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நல்லாத்தான் அடிக்குது” என்றாள் அவள், மெதுவாக.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அவளுக்கு ஒரு தம்பி. இதே ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறான். அம்மா இறந்தபோது அவன் வெளியூரில் இருந்தான். நடு வழியில் பதறுவானே என்று, ஊருக்கு வந்து சேரட்டும் என்று, இவள் எல்லாம் முடிந்த பிறகு மறுநாள்தான் சொன்னாள். நல்லதற்கென்று செய்தது. “அம்மா முகத்தக்கூடப் பாக்கவிடலல்ல நீ” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அதற்கப்புறம் பேச்சு இல்லை, வரவு போக்கு இல்லை. இவள் ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. ஆனால் இந்தப் பேப்பரைத்தான் வாங்குவான், குறுக்கெழுத்துக்காக. சின்ன வயதிலிருந்தே பைத்தியம்.

“ஆறாம் பக்கம்” என்றார் காலண்டர்.

“ஆறாம் பக்கம். பாத்திருப்பான். இல்ல, சாயங்காலமா உக்காந்து பாப்பான். நாளைக்குக் காலையில பாப்பான். சார், திருத்தத்த நாளைக்குப் போடாதீங்க. ஒரு நாள் தள்ளிப் போடுங்க.”

“அம்மா, அது…” என்று இழுத்தார்.

“கேஸெல்லாம் ஒண்ணும் போட மாட்டேன். எழுதிக் குடுக்கறேன். ஒரே ஒரு நாள் நான் செத்தவளா இருந்துட்டுப் போறேன்.”

நாள் தள்ளினால் தன் கதி என்ன என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பாள், அந்த மாதிரி மனுஷிதான். சொல்லத்தான் வாயைத் திறந்தார். துண்டின்மேல் கிடந்த கைபேசி கண்ணில் பட்டது. அவருடைய கைபேசியும் இரவெல்லாம் அறையில் அப்படித்தான் கிடக்கும், துண்டு ஒன்றுதான் இருக்காது. “சரிங்க” என்று சொல்லிவிட்டார்.

ஆபீசுக்குத் திரும்பி ஆசிரியரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரு நாள் தள்ளினா எல்லாரும் நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க சார். எதுக்காம்?”

“சொந்த விஷயம் மேடம். அவங்க கேக்கறாங்க. வழக்கு போடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.”

“நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? உங்க பகுதிய என்னால காப்பாத்த முடியாது.”

“பரவால்ல மேடம்” என்றார் காலண்டர். சொல்லிவிட்டார். பரவாயில்லாமல் எப்படிப் போகும்? தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து மறுநாளைக்கான பிறப்பையும் இறப்பையும் எழுதினார். ஒவ்வொரு முதலெழுத்தையும் விரலை வைத்துப் பார்த்தார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. பலன் தெரியாமல் ஆபீசில் உட்கார அவரால் முடியவில்லை. அந்த அம்மாள் இன்றும் இஸ்திரிப் புடவைதான் கட்டியிருந்தாள், வேறொன்று. யாரும் வரவில்லை, கைபேசியும் வாய் திறக்கவில்லை என்பதை அவள் முகமே சொன்னது. டீ குடித்தார்கள். கடலில் நடுவழியில் என்ன தெரியும் என்று கேட்டார். “ஒண்ணும் தெரியாது. படகுல வர்றவங்க கத்தறதும் கேக்காது. கை மாத்திக் கை போட்டுட்டே இருக்கணும். யாராவது பக்கத்துல வராங்கன்னு நம்பணும், அவ்வளவுதான்” என்றாள். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. மணி அடித்தது.

அவள் எழுந்தவள், ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் அவளைப் போலவே அகலத் தோளோடு ஒரு மனிதர், தலை வழுக்கை, கையில் ஒன்றுமில்லை. அவளைப் பார்த்ததும் பின்னால் ஓரடி போனார்.

அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“பேப்பர்ல பாத்தேன்” என்றார் தம்பி.

“எழுத்துப் பிழையாம்” என்றாள் அக்கா. “இவருதான் பேப்பர்காரரு. நாளைக்குத் திருத்திப் போடறாங்க.”

தம்பி காலண்டரை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். “எறந்த தினம்னு மட்டும் போட்டிருந்துச்சு. எந்த வருஷம்னு போடல. அம்மாவுக்கு மாதிரி இதையும் எங்கிட்ட யாரும் சொல்லாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். எந்த வருஷம்னு இங்க யாராவது இருந்தா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“உள்ள வா.”

“இல்ல. ஆட்டோ நிக்குது.”

“நின்னா நிக்கட்டுமே. ஒரு வாய் தண்ணி.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிலைப்படியையே பார்த்தார். காலை எடுத்து வைக்கப்போகிறார் என்று காலண்டருக்குத் தோன்றியது. ஏறுய்யா, ஒரே ஒரு படிதான் என்று மனதுக்குள் கெஞ்சினார். தம்பி ஏறவில்லை. “வரேங்க” என்று காலண்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோ சத்தம் தெரு முனையில் திரும்பிக் கரைகிற வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

“எளச்சுட்டான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “ஆனா வந்தான், பாத்தீங்கல்ல சார்?”

“பாத்தேங்க.”

“வந்தான்” என்று இன்னொரு தடவை சொன்னாள். கைபேசியின் கீழே இருந்த துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க திருத்தத்தப் போட்டுக்குங்க.”

திருத்தம் மறுநாள் வந்தது. ‘வருந்துகிறோம்’ என்பதை அவர் ‘மகிழ்கிறோம்’ என்று மாற்றிக் கொடுத்தார். அது பத்திரிகை நடை இல்லை என்று மேலே யாரோ மறுபடி ‘வருந்துகிறோம்’ ஆக்கிவிட்டார்கள். அந்த வார முடிவில் ‘இந்நாள்’ நின்றது. அந்த இடத்தில் டைல்ஸ் கடை விளம்பரம் வந்தது. ஆசிரியர் நல்லவர், அவரைப் பழைய பிழை திருத்தும் மேசைக்கே மாற்றினார், வீட்டுக்கு அனுப்பவில்லை. இத்தனை வருஷம் வந்த பகுதி, யாராவது வாசகர் கேட்பார் என்று காலண்டர் காத்திருந்தார். டெலிபோன் பெண்ணிடம் போய், “எனக்கு ஏதாவது ஃபோன் வந்துச்சாம்மா?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். “இல்லையே சார், யாராவது பண்றேன்னாங்களா?” என்றாள் அவள். இல்லை என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தார். அழுகை வந்தது. ஒரு கடிதம் வேண்டாம், ஒரு திட்டாவது வந்திருக்கலாம். சாகாமலே செத்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்கு அவருக்கு நன்றாகவே விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அறையில் கிடந்து பார்த்தார். ஒருக்களித்துப் பார்த்தார், எழுந்து உட்கார்ந்து பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பையில் திருத்தம் இல்லை, மன்னிப்பு இல்லை, கேட்டுவர வேண்டிய செய்தி எதுவும் இல்லை. நீல கேட்டுக்கு முன்னால் நின்றபோது, என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று தெரியாமல் திரும்பிவிடக்கூட நினைத்தார். அந்தத் தம்பி திரும்பிப்போன ஞாபகம் வந்தது. மணியை அடித்தார்.

அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். வீட்டுப் புடவை, வாராத தலை. அவரைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“என்ன சார், இப்ப யாரு செத்தா?”

“யாரும் இல்லங்க” என்றார் காலண்டர். “சும்மாதான் வந்தேன்.”

“சும்மாவா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய், நாற்காலியில் குவிந்து கிடந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டாள்.